மாஸ்டர் சார்ட்டில் எந்தக் கட்டம் என்ன வகை? புள்ளியியல் டெஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

"மேடம், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" முதுநிலை மருத்துவ மாணவர்கள் லேப்டாப்பில் மாஸ்டர் சார்ட்டை (ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு ஒரு கட்டம் என்று நோயாளிகளின் தரவை எழுதிய அட்டவணை) திறந்துகொண்டே என்னிடம் கேட்பது இதைத்தான். ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியலாளராக இருக்கிறேன். தீசிஸ் காலம் வந்துவிட்டால் வேறு கேள்வியே காதில் விழாது. பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: "ஒரு நோயாளிக்கு இந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தவருக்கு டெஸ்ட்டின் பெயர் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். சொல்ல முடியாதவர் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்த பட்டனை அழுத்தினாலும் ஒரு பி வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இந்த அளவோ இதைவிடப் பெரிய வித்தியாசமோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) வந்து நிற்கும். அது எதற்கான பி வேல்யூ என்பதுதான் தெரியாது.

ஆகவே இங்கே டெஸ்ட்டுகளைவிட மாறிகளைப் பற்றித்தான், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் எழுதும், ஆளுக்கு ஆள் மாறக்கூடிய விவரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். நேரம் அங்கேதான் செலவாக வேண்டும்.

இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு மாறி எந்த வகை என்று பார்க்க, அந்தக் கட்டத்திலிருந்து யாராவது இரண்டு பேரின் மதிப்புகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவற்றைப் பற்றி நேர்மையாக என்னென்ன சொல்ல முடியும் என்று பாருங்கள்.

"இருவருக்கும் ஒன்றுதான்" அல்லது "வேறு வேறு" என்பதோடு நின்றுவிட்டால் அது பெயர் வகை. ரத்த வகை ஓ, ரத்த வகை பி. எது பெரியது என்று கேட்க வழியில்லை. இப்படிப்பட்ட மாறியில் எத்தனை பேர் என்று எண்ண மட்டுமே முடியும்.

"இவருக்கு அவரைவிட அதிகம்" என்று சொல்லலாம், எவ்வளவு அதிகம் என்று சொல்ல முடியாது என்றால் அது வரிசை வகை. சிறுநீரில் ஆல்புமின் நில், டிரேஸ், 1+, 2+, 3+ என்று வருகிறதே, அது போல. இவர்களை வரிசையாக நிறுத்தலாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது.

"இவருக்கு அவரைவிட இவ்வளவு அதிகம்" என்று அலகோடு சொல்ல முடிந்தால் அது எண் வகை. ஹீமோகுளோபின் 9.2 கிராம் உள்ளவருக்கும் 11.2 கிராம் உள்ளவருக்கும் இடையே 2 கிராம் வித்தியாசம். 12-க்கும் 14-க்கும் இடையிலும் அதே 2 கிராம்தான். இங்கே கழிக்கலாம், கூட்டலாம், சராசரி எடுக்கலாம்.

எண்ணுவது, வரிசைப்படுத்துவது, கழிப்பது. டெஸ்ட்டுகள் பிரிவதும் இதே வழியில்தான். கை ஸ்கொயர் எண்ணிக்கைகளை வைத்து வேலை செய்கிறது. மான் விட்னி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவரவருடைய இடத்தை வைத்து வேலை செய்கிறது. டி டெஸ்ட் சராசரிகளைக் கழிக்கிறது. கழிக்கக் கூடாத மாறியை டி டெஸ்ட்டுக்குக் கொடுத்தாலும் கணினி மறுக்காது என்பதால் கவனம் நம் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பாடப்புத்தகங்களில் நான்கு வகை இருக்குமே என்று கேட்பீர்கள். 1946-இல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பிரிவு அது: நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோ. கடைசி இரண்டுக்கும் வேறுபாடு பூஜ்ஜியத்தில் இருக்கிறது. 40 டிகிரி செல்சியஸ் என்பது 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு ஆகாது. 40 கிலோ என்பது 20 கிலோவைப் போல இரண்டு மடங்கு எடைதான். இது உண்மை, வைவாவில் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் டி டெஸ்ட்டோ அனோவாவோ (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டெஸ்ட்) வித்தியாசங்களை மட்டுமே பார்ப்பதால், டெஸ்ட் தேர்வுக்கு இரண்டையும் எண் வகை என்று ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாஸ்டர் சார்ட்டைக் கட்டம் கட்டமாகப் படிப்போம்

அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து அடிக்கடி வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்: சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு இரண்டு விதமான டிரெஸ்ஸிங்கை ஒப்பிடுவது. ஒரு குழுவுக்கு வழக்கமான டிரெஸ்ஸிங், இன்னொரு குழுவுக்குப் புதியது. சார்ட்டில் இடமிருந்து வலமாகப் போவோம்.

முதலில் ஐபி நம்பர் (உள்நோயாளி எண்). இது மாறியே இல்லை, அடையாளம். எண்ணாகத்தான் இருக்கிறது, மென்பொருளும் அதற்குச் சராசரி போட்டுத் தரும். பகுப்பாய்வுக்கான கோப்பில் அதை எடுத்துவிட்டு 1, 2, 3 என்று ஒரு ஆய்வு எண் கொடுத்துவிடுங்கள். நோயாளியின் அந்தரங்கத்துக்கும் அதுதான் நல்லது.

வயது, எண் வகை. ஆனால் 41–50, 51–60 என்று தொகுத்து எழுதிவிட்டால் அந்த நிமிடமே அது வரிசை வகையாகிவிடும். பிறகு திரும்பிப் போக முடியாது. எண்ணிலிருந்து தொகுதியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தொகுதியிலிருந்து எண்ணை மீட்க முடியாது. சார்ட்டில் முழு வயதையே எழுதுங்கள்.

பாலினம் 1, 2 என்று இருக்கும். குழுவும் 1, 2 என்று இருக்கும். இந்த எண்கள் பெயருக்குப் பதிலாக நிற்பவை. 'பாலினத்தின் சராசரி 1.4' என்றால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஆம், இல்லை என்ற விடை வரும் கட்டங்களை மட்டும் 1, 0 என்று குறிப்பது நல்ல பழக்கம். அப்போது சராசரி எடுத்தால் 'ஆம்' சொன்னவர்களின் பங்கு நேரடியாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது வாக்னர் கிரேடு. 0 முதல் 5 வரை. 0 என்றால் திறந்த புண் இல்லை, 1 மேலோட்டமான புண், 2 ஆழமான புண், 3 ஆழத்தோடு சீழ்க்கட்டி அல்லது எலும்பில் தொற்று, 4 பாதத்தின் ஒரு பகுதியில் அழுகல், 5 பாதம் முழுவதும் அழுகல். எண்ணாக எழுதியிருப்பதால் பலர் இதற்குச் சராசரி போடுகிறார்கள். கிரேடு 1-இலிருந்து 2-க்குப் போவதும் 4-இலிருந்து 5-க்குப் போவதும் ஒரே அளவு சீரழிவா? முதலாவதில் இன்னும் சில நாள் டிரெஸ்ஸிங். இரண்டாவதில் காலே போகலாம். இடைவெளிகள் சமமில்லாத இடத்தில் கழித்தல் செல்லாது. இது வரிசை வகை. எத்தனை பேர், எந்த கிரேடு என்று அட்டவணை போடுங்கள், தேவைப்பட்டால் இடைநிலை அளவை (மீடியன்) சொல்லுங்கள்.

எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எண் வகை, சிக்கலே இல்லை. சிக்கலை நாம்தான் உண்டாக்குகிறோம்: 'கட்டுப்பாட்டில் உள்ளது, இல்லை' என்று 7-இல் ஒரு கோடு கிழித்து இரண்டாக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் 6.9-உம் 5.2-உம் ஒரே பெட்டியில் போய் விழும், 6.9-உம் 7.1-உம் எதிரெதிர்ப் பெட்டிகளில் விழும். தகவல் வீணாகிறது, ஏற்கெனவே சிறிய ஆய்வின் பலமும் குறைகிறது. சிகிச்சை முடிவு அந்தக் கோட்டை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது என்றால் இரண்டாக்குவதற்கு நியாயம் உண்டு. வசதிக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

வலி. 10 சென்டிமீட்டர் கோட்டில் நோயாளி ஒரு புள்ளி வைக்கிறார், நீங்கள் ஸ்கேலால் அளந்து 63 மில்லிமீட்டர் என்று எழுதுகிறீர்கள். அல்லது '0-லிருந்து 10-க்குள் எவ்வளவு வலி?' என்று வாயால் கேட்டு 6 என்று எழுதுகிறீர்கள். இரண்டையும் 'வாஸ் ஸ்கோர்' (விஷுவல் அனலாக் ஸ்கேல்) என்றே தீசிஸில் எழுதுகிறார்கள். எதைச் செய்தீர்கள் என்று சரியாகக் குறிப்பிடுங்கள். இது எண் வகையா வரிசை வகையா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் வழக்கம் இது: வாயால் கேட்ட 0–10 எண் என்றால் வரிசையாக நினைத்து மான் விட்னி. கோட்டில் அளந்த மில்லிமீட்டர், பரவலும் ஒழுங்காக இருக்கிறது, குழுவும் சிறியதில்லை என்றால் டி டெஸ்ட்டை ஏற்றுக்கொள்வேன். கைடு வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். காரணம் இருந்தால் அதுவும் சரி.

கூட்டல் மதிப்பெண்களும் இதே வகைச் சிக்கல்தான். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 3 முதல் 15 வரை போகும். கண், பேச்சு, அசைவு என்ற மூன்றின் கூட்டுத்தொகை அது. 9 என்ற மொத்தம் பல வழிகளில் வரலாம், அந்த நோயாளிகள் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை. வரிசை வகையாகவே வையுங்கள். மனப்பான்மையை அளக்கும் கேள்வித்தாளில், ஒரு கேள்விக்கு 'முழுதும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரை வரும் 5 விடைகள் வரிசை வகை. அப்படிப்பட்ட 20 கேள்விகளின் மொத்தத்தை எண் போல நடத்துவது பரவலான வழக்கம். ஹிஸ்டோகிராம் (மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் பட்டைப் படம்) பார்த்த பிறகு நானும் அதற்குச் சம்மதிப்பேன்.

சதவீதம் என்ற பொறி

அடுத்த கட்டம்: '4 வாரத்தில் புண் ஆறியதா?' இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாணவர் இப்படிச் சொல்வார்: "ஒரு குரூப்ல 70 சதவீதம் ஆறிடுச்சு, இன்னொண்ணுல 50 சதவீதம். ரெண்டுமே நம்பர். அப்போ டி டெஸ்ட்தானே?" இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வாருங்கள். ஒரு நோயாளிக்கு என்ன எழுதினீர்கள்? 70 என்றா எழுதினீர்கள்? இல்லை. 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதினீர்கள். 70 என்பது குழுவைச் சுருக்கியதால் வந்த எண். மாறியின் வகை ஒரு ஆளின் கட்டத்தில் முடிவாகிறது, குழுவின் சுருக்கத்தில் இல்லை. ஆகவே இது பெயர் வகை. எண்ணிக்கைகளை வைத்துக் கை ஸ்கொயர் போட வேண்டும்.

சதவீதம் மட்டும் இருந்தால் டெஸ்ட்டே போட முடியாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 30 பேர், ஒன்றில் 21 பேருக்கு ஆறியது, இன்னொன்றில் 15 பேருக்கு ஆறியது என்று வைப்போம். கை ஸ்கொயர் மதிப்பு 2.5, பி வேல்யூ ஏறக்குறைய 0.11. இதே 70-உம் 50-உம் குழுவுக்கு 300 பேரிடமிருந்து வந்திருந்தால் கை ஸ்கொயர் 25 ஆகியிருக்கும், பி வேல்யூ மிகச் சிறியதாகியிருக்கும். சதவீதம் மாறவில்லை, சான்றின் பலம் பத்து மடங்கு மாறியிருக்கிறது. ஆகவே மேசைக்கு வரும்போது 21/30 என்று கொண்டுவாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புண்ணின் பரப்பு முதல் நாள் 12 சதுர சென்டிமீட்டர், 28-ஆம் நாள் 3 சதுர சென்டிமீட்டர், ஆக 75 சதவீதம் குறைந்தது. இந்த 75 அந்த ஒரு நோயாளிக்கே சொந்தமானது. அவருடைய கட்டத்திலேயே எழுதலாம். ஆகவே இது எண் வகை. 'சதவீதம்' என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் யாருடைய சதவீதம் என்று கேட்டால் வகை பிரிந்துவிடும்.

கல்ச்சர் ரிப்போர்ட், குணமாகும் நாட்கள், இரண்டு கால்கள்

கல்ச்சரில் வளர்ந்த கிருமி ஒரு பெயர் வகை மாறி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சர்க்கரை நோய்ப் புண்ணில் ஒரே நோயாளிக்கு ஸ்டஃபைலோகாக்கஸும் சூடோமோனஸும் சேர்ந்தே வளரும். ஒரே கட்டத்தில் கமா போட்டு இரண்டையும் எழுதிவிடுவார்கள். அட்டவணை போட்டால் 60 நோயாளிகளுக்கு 80 கிருமி வரும். கை ஸ்கொயருக்கு ஒவ்வொரு ஆளும் ஒரே ஒரு பெட்டியில் மட்டும் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிருமிக்கும் தனிக் கட்டம் போட்டு, இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். உடன் இருக்கும் நோய்கள், பக்க விளைவுகள், 'எந்தக் காரணங்களால் சிகிச்சைக்குத் தாமதமாக வந்தீர்கள்' போன்ற பல விடைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

'குணமாக எத்தனை நாள்' என்ற கட்டம் பார்க்க எண் வகை. கவனித்துப் பாருங்கள், சில கட்டங்கள் காலியாக இருக்கும். ஆய்வு முடியும்வரை ஆறாதவர்கள், பாதியில் வராமல் போனவர்கள். அந்தக் காலிக் கட்டங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், சீக்கிரம் ஆறியவர்களின் சராசரிதான் கிடைக்கும். மோசமான புண்கள் எல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். இது தனி வகை: நிகழ்வு வரையிலான காலம். இதற்கு இரண்டு கட்டங்கள் சேர்ந்தே வேண்டும், எத்தனை நாள் கவனித்தோம் என்பது ஒன்று, அந்த நாளில் ஆறியதா இல்லையா என்ற 1, 0 இன்னொன்று. 1958-இல் கப்லானும் மையரும் வெளியிட்ட முறை இதற்காகத்தான் இருக்கிறது. குழுக்களை ஒப்பிட லாக் ரேங்க் டெஸ்ட்.

அப்புறம் இரண்டு காலிலும் புண் உள்ளவர். அவரை இரண்டு வரிகளாகப் போட்டிருப்பார்கள். இரண்டு கால்களும் ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை, ஒரே ரத்த ஓட்டம். இரண்டு தனித்தனி நோயாளிகளாக அவற்றை எண்ண முடியாது. கண் துறையில் இரண்டு கண், பல் துறையில் 28 பல் என்று இதே பிரச்சினை வரும். எளிய தீர்வு, ஆளுக்கு ஒரு புண், பெரியது எதுவோ அது என்று தொடக்கத்திலேயே விதி எழுதிவிடுவது.

கண் துறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பார்வைத் திறனை 6/12 என்று எக்செல்லில் அடித்தால் அது தேதியாக மாறிவிடும், ஜூன் 12 அல்லது டிசம்பர் 6. குழந்தைகள் துறையில் ஆறு மாதம் என்பதற்கு 6/12 என்று எழுதும் வழக்கமும் இதே விபத்தைச் சந்திக்கும். முதலில் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடியுங்கள். பிறகு பார்வைத் திறனை லாக்மார் எண்ணாக (பார்வைத் திறனுக்கான லாகரிதம் அளவுகோல்) மாற்றுங்கள்: 6/6 என்றால் 0, 6/12 என்றால் 0.3, 6/60 என்றால் 1. 6/6, 6/12 என்ற ஸ்னெல்லன் வரிகள் வரிசை வகை, லாக்மார் எண் வகை. வயதை மாதங்களில் எழுதுங்கள். ரத்த அழுத்தத்தை 120/80 என்று ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள், சிஸ்டாலிக் ஒரு கட்டம், டயஸ்டாலிக் ஒரு கட்டம்.

வகை தெரிந்தது. இனி இரண்டு கேள்விகள்

எது விளைவு, எது காரணமாக நினைக்கப்படுவது? நம் ஆய்வில் டிரெஸ்ஸிங் வகை காரணம், ஆறுவது விளைவு. ஒரு நோக்கத்துக்கு ஒரு ஜோடி. 'நோக்கங்கள்' பகுதியில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்த ஜோடியை எழுதிப் பாருங்கள். ஜோடி எழுத முடியாத நோக்கத்துக்கு டெஸ்ட்டும் கிடையாது, விவரித்தால் போதும்.

அடுத்த கேள்வி: ஒப்பிடப்படும் மதிப்புகள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தவையா, ஒரே ஆளிடமிருந்தா? இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த சான்று 1908-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தூக்க மருந்துத் தரவை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தினார். 10 நோயாளிகள், இரண்டு மருந்துகள், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் தூக்கத்தைக் கூட்டியது என்ற எண். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ஸ்லீப்' என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது, திறந்து பாருங்கள். 20 வரிகள் தெரியும். 20 பேர் என்று நினைத்துச் சாதாரண டி டெஸ்ட் போட்டால் பி வேல்யூ 0.079. அதே 10 பேர்தான் இரண்டு மருந்தையும் எடுத்தவர்கள் என்று சொல்லி ஜோடி டி டெஸ்ட் போட்டால் 0.0028. ஒரு எண்ணும் மாறவில்லை. முதலாவது சராசரி 0.75 மணி, இரண்டாவது 2.33 மணி, இதுவும் மாறவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கழித்துவிட்டதால் மருந்தின் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

சரி, இப்போது டெஸ்ட்டுகள். விளைவு எண் வகை, குழு இரண்டு, ஆட்கள் வேறு வேறு என்றால் தனி மாதிரிகளுக்கான டி டெஸ்ட்; பரவல் ஒரு பக்கமாக நீண்டிருந்தாலோ விளைவு வரிசை வகை என்றாலோ மான் விட்னி. ஒரே ஆட்கள் என்றால் ஜோடி டி டெஸ்ட், அல்லது வில்காக்ஸன் சைன்டு ரேங்க். குழுக்கள் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அனோவா, வரிசை வகைக்கு க்ரஸ்கால் வாலிஸ். ஒரே ஆளை முதல் நாள், 14-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று மூன்று முறை அளந்திருந்தால் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா, வரிசை வகைக்கு ஃப்ரீட்மன். இரண்டு பக்கமும் பெயர் வகை என்றால் கை ஸ்கொயர். அதிலும் 2-க்கு 2 அட்டவணையில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை ஏதாவது ஒரு பெட்டியில் 5-க்குக் கீழே போனால் ஃபிஷரின் எக்ஸாக்ட் டெஸ்ட். எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை என்றுதான் சொன்னேன், அதாவது இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் அந்தப் பெட்டியில் வர வேண்டிய எண்ணிக்கை. நீங்கள் கண்ட எண்ணிக்கை 3 என்பதற்காகவே ஃபிஷருக்கு ஓட வேண்டியதில்லை. ஆம், இல்லை என்ற விடையை ஒரே ஆட்களிடம் முன்னும் பின்னும் எடுத்திருந்தால் மெக்நெமர். வாக்னர் கிரேடு ஏற ஏற ஆறாதவர்களின் பங்கும் ஏறுகிறதா என்று கேட்டால், அந்த வரிசையையும் பயன்படுத்தும் கொக்ரன் ஆர்மிடேஜ் டிரெண்ட் டெஸ்ட். எச்பிஏ1சியும் பரப்பும் சேர்ந்து போகின்றனவா என்றால் பியர்சன், வரிசை வகை கலந்தால் ஸ்பியர்மன்.

பரவலைப் பற்றி ஒரு குறிப்பு. கட்டம் முழுவதற்கும் ஒரே ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்க்காதீர்கள், குழு குழுவாகப் போடுங்கள். இரண்டு குழுவும் நன்றாக விலகியிருந்தால் மொத்தப் படத்தில் இரண்டு மேடு தெரியும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாத ஒரு அளவில் திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சராசரியின் பாதியைத் தாண்டினால், பரவல் வலப்பக்கம் நீண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மருத்துவமனையில் தங்கிய நாட்கள், புண்ணின் பரப்பு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 'தங்கிய நாட்கள் 9 கூட்டல் கழித்தல் 11' என்று தீசிஸில் பார்த்தால் அங்கே இடைநிலை அளவு வந்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு

ஆர் இலவசம். அதோடு வரும் தரவுகளைத் திறந்து, எந்த டெஸ்ட்டும் போடாமல், கட்டங்களின் வகையை மட்டும் தாளில் எழுதிப் பழகுங்கள். 'எம்டிகார்ஸ்' என்ற தரவில் 32 கார்கள். எல்லாக் கட்டங்களையும் ஆர் எண் என்றே காட்டும். மைலேஜ் எண்தான். ஆனால் கியர் வகை என்ற கட்டத்தில் 0 ஆட்டோமேட்டிக், 1 மேனுவல். அது பெயர் வகை. சிலிண்டர் 4, 6, 8 என்று மூன்றே மதிப்புகள். அதை எண்ணாக வைத்தால் '4-லிருந்து 6-க்கும் 6-லிருந்து 8-க்கும் மைலேஜ் ஒரே அளவு குறைகிறது' என்று நீங்களே முடிவு கட்டியதாகிவிடும். குழுவாக வைத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 'டூத்க்ரோத்' தரவில் 60 கினிப் பன்றிகளுக்குக் கொடுத்த வைட்டமின் சி அளவு 0.5, 1, 2 மில்லிகிராம். இங்கேயும் அதே கேள்வி எழும். எண்ணாகவே விட்டுவிட்டு அனோவா போட்டால் ஆர் அமைதியாக ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும். அளவுக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 1 என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. மூன்று குழுக்களாக எடுத்திருந்தால் 2 என்று வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'டைட்டானிக்'. 2201 பேர், அவர்களில் பிழைத்தவர்கள் 711. வகுப்பு என்ற கட்டத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு, கப்பல் பணியாளர் என்று நான்கு மதிப்புகள். முதல் மூன்றும் வரிசையாக நிற்கின்றன: பிழைத்தவர்கள் 325-இல் 203, 285-இல் 118, 706-இல் 178. ஏறக்குறைய 62, 41, 25 சதவீதம். ஆனால் பணியாளரை எங்கே நிறுத்துவது? மூன்றாம் வகுப்புக்கும் கீழேயா? 885-இல் 212, அதாவது 24 சதவீதம் என்று பார்த்ததும் அப்படித்தான் தோன்றும். விளைவைப் பார்த்து வரிசை அமைப்பது தவறு. அவர்கள் டிக்கெட் வாங்கிய பயணிகளே அல்லர். நான்கையும் வைத்தால் பெயர் வகை, கை ஸ்கொயர். பணியாளரை விட்டுவிட்டால் வரிசை வகை, டிரெண்ட் டெஸ்ட். ஒரே கட்டம், யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வகை மாறுகிறது. மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அரை மணி நேரம் விவாதம் ஓடும்.

எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்துபவர்கள் வேரியபிள் வியூவில் 'மெஷர்' என்ற கட்டத்தைத் திறந்து ஸ்கேல், ஆர்டினல், நாமினல் என்பதை ஒவ்வொன்றாக நீங்களே அமையுங்கள். எக்செல்லிலிருந்து வரும்போது அது தானாகப் போட்டுவிடுவதை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஜமோவி என்ற மென்பொருளிலும் கட்டத்தின் தலைப்பில் உள்ள சின்னத்தைச் சரிபாருங்கள். லேப் ரிப்போர்ட்டிலிருந்து வந்த '5-க்குக் கீழ்', 'நார்மல்' போன்ற சொற்கள் ஒரே ஒரு நோயாளிக்கு இருந்தாலும் அந்தக் கட்டம் மேலிருந்து கீழ்வரை முழுவதும் எழுத்தாக மாறிவிடும். அவற்றை முதலில் தேடுங்கள்.

இதையெல்லாம் தரவு சேர்ப்பதற்கு முன்பே செய்ய முடியும், அதுதான் சரியான நேரமும். புரொஃபார்மா (நோயாளியின் விவரங்களை நிரப்பும் படிவம்) தயாரானதும் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர், அலகு, வரக்கூடிய மதிப்புகள், வகை, விளைவா காரணமா, ஒரே ஆளிடம் எத்தனை முறை என்று எழுதுங்கள். காலி விட்டால் என்ன பொருள் என்றும் எழுதுங்கள்: அளக்கவில்லையா, பொருந்தாதா, நோயாளி சொல்லவில்லையா. ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் அந்தத் தாளோடும் நிரப்பாத புரொஃபார்மாவோடும் உங்கள் கல்லூரிப் புள்ளியியலாளரைப் போய்ப் பாருங்கள். 60 நோயாளிகளை முடித்த பிறகு வந்தால், குணமான தேதியை எழுதாமல் விட்ட கட்டத்தை யாராலும் நிரப்பித் தர முடியாது.